பதினைந்து இலக்கமும் சங்கத்தின் நோட்டும்

(தாராவியில் நடைபெற்ற மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நம் பகுதியில் செல்போன் திருட்டு மிகுந்துவிட்டதால், எல்லோருடைய செல்போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் பெயர், அறை எண்ணோடு சங்கத்து நோட்டில் எழுதி வைக்கலாம் என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆயினும் அதை எதிர்க்கவே எழுந்திருக்கிறேன்.

அது என்ன எண்? நட்சத்திரக் குறி, ஹேஷ், 06, மறுபடி ஹேஷ் என்று அழுத்துங்கள். 15 இலக்கங்கள் தோன்றும். இரண்டு சிம் போடும் போனென்றால் இரண்டு எண்கள். முதல் 8 இலக்கம் போனின் மாடலைச் சொல்லும். அடுத்த 6 அந்த ஒரு போனுக்கே உரியது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு.

சிம்மை மாற்றினால் புது ஆளாகிவிட்டோம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். இல்லை, தோழர்களே! போன் உயிர் பெற்று டவரோடு சேரும்போது சிம்மின் அடையாளமும் போனின் எண்ணும் கம்பெனிக்குத் தெரிந்துவிடுகின்றன. பழைய போனில் புது சிம் போட்டால் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல. எந்த டவரின் கீழ் இருந்தோம் என்பதும் அங்கே பதிவாகிறது. மேஸ்திரிக்கும் வட்டிக்காரனுக்கும் அது தெரியாது, பயப்பட வேண்டாம். கம்பெனிக்குத் தெரியும், கேட்டு வாங்கினால் போலீசுக்கும் தெரியும்.

2017-இல் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகும் பேச்சை ஒட்டுக்கேட்க உத்தரவிடுபவர் நீதிபதி அல்லர், உள்துறைச் செயலாளர்தான்! 2025-இல், புதுப் போன்களிலெல்லாம் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே ஏற்றித் தரவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, டிசம்பர் முதல் வாரத்திலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

அந்த எண்ணால் நமக்குப் பயனே இல்லையா? உண்டு. போன் திருட்டுப் போனால் போலீசில் புகார் கொடுத்து, நகலோடு சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பதிந்தால், எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் அந்தப் போன் இந்தியாவில் வேலை செய்யாதபடி முடக்கலாம். பழைய போன் வாங்குகிறவர்கள், கே.ஒய்.எம். என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். 2020-இல் மீரட் போலீசார் ஒரே எண்ணோடு 13,000-க்கும் மேற்பட்ட போன்கள் ஓடுவதைக் கண்டுபிடித்தார்கள்! அதில் ஒன்றில் குற்றம் நடந்தால் மற்றவர்களின் கதி என்ன? எண்ணை மாற்றித் தருகிறேன் என்று ரிப்பேர் கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இனி நோட்டுக்கு வருகிறேன். எண் மட்டும் ஒருவன் கையில் கிடைத்தால் அவனால் நம்மைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் பெயர், அறை, எண் மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால், டவர் சொல்லும் எண் யாருடையது என்று அந்த நோட்டு சொல்லிவிடும். நாளை கூலி கேட்டு மறியல் செய்தோமானால், அங்கே யார் யார் நின்றார்கள் என்பதற்கு நம் கையெழுத்திலேயே பட்டியல் தயார்! அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது என்கிறார் செயலாளர். சோதனைக்கு வருகிறவன் சாவியையும் கேட்பான்.

ஆகவே என் திருத்தம் இது: அவரவர் எண்ணை அவரவர் துண்டுச் சீட்டில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசலில் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். எழுதிக் கொடுப்பார்கள், நகல் எடுக்கமாட்டார்கள். தலைவர் அவர்கள் இதை வாக்கெடுப்புக்கு விட வேண்டுகிறேன்.