ஊர்ப் பெயரும் ஊராரும்

(கொடைக்கானலில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் கிரிக்கெட் அணி ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் புன்னகைத்தார்கள். நான் பேச வந்தது ஆட்ட நுணுக்கங்களை அன்று. ஓர் ஊர்ப் பெயர் எவ்வாறு ஏற்றப்பட்டது, எவ்வாறு இறக்கப்பட்டது என்பதையே. நான்கு பருவங்கள் மட்டுமே வாழ்ந்த தூத்துக்குடி அணியின் வரலாறு அது. நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

2016ஆம் ஆண்டில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 'தமிழ்நாடு பிரீமியர் லீக்' என்னும் இருபது ஓவர் போட்டியைத் தொடங்கியது. அணிகள் எட்டு. சேப்பாக்கம், கோவை, மதுரை, திண்டுக்கல், தூத்துக்குடி, காரைக்குடி, காஞ்சி, திருவள்ளூர் என ஒவ்வொன்றும் ஓர் இடத்தின் பெயரைச் சூடியிருந்தது. ஒரு காலத்தில் சென்னையைச் சுற்றியே சுழன்ற ஆட்டம் மாவட்டங்களுக்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

தூத்துக்குடி அணிக்கு 'டூட்டி பேட்ரியாட்ஸ்' என்று பெயர். முதல் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் அணியை 122 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. மறு ஆண்டும் இறுதி ஆட்டம் வரை வந்து, அதே சேப்பாக்கம் அணியிடம் தோற்றது. அந்த 2017ஆம் ஆண்டில் அவ்வணிக்கு ஆடிய பதினேழு வயது வாஷிங்டன் சுந்தர் 459 ஓட்டங்களும் 15 விக்கெட்டுகளும் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார்.

இத்தனை புகழ் கொண்ட அணி, தூத்துக்குடியில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. 2016 முதல் 2019 வரை எல்லா ஆட்டங்களும் மூன்றே இடங்களில் நடைபெற்றன: சென்னைச் சேப்பாக்கம், நம் மாவட்டத்து நத்தத்திலுள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம், நெல்லைச் சங்கர் நகர் மைதானம். இரவு ஆட்டத்துக்கு உயர்ந்த விளக்குகள் வேண்டும். முறையான ஆடுகளம் வேண்டும். ஒளிபரப்புக்கு வசதி வேண்டும். இவை எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே தூத்துக்குடியின் பெயர் நத்தத்தில் ஒலித்தது; காரைக்குடியின் பெயரும் அவ்வாறே. தூத்துக்குடிக்காரர் தம் அணியைத் தொலைக்காட்சியில் பார்த்தார், அல்லது நெல்லைக்குப் பேருந்து ஏறினார்.

2020இல் பெருந்தொற்றால் போட்டி நடைபெறவில்லை. 2021இல் மீண்டும் தொடங்கியபோது தூத்துக்குடியின் இடத்தில் சேலம் இருந்தது. காரைக்குடிக் காளை அணி, திருப்பூர்த் தமிழன்ஸ் ஆகியிருந்தது. காஞ்சி அணி நெல்லை அணியாயிற்று. அதற்கு முன்பே முதல் காஞ்சி அணி திருச்சிக்கும், திருவள்ளூர் அணி காஞ்சிக்கும் பெயர் மாறியிருந்தன. தொடக்கத்தில் இருந்த எட்டுப் பெயர்களில் நான்கு இன்று இல்லை. 2025 ஜூலையில் நத்தத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் திருப்பூர் அணி, திண்டுக்கல் அணியை 118 ஓட்டங்களில் வென்று கோப்பையைப் பெற்றது. அந்தக் கோப்பையின் வேர் காரைக்குடியில் இருந்தது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

இதில் குற்றவாளி என்று எவரையும் சுட்ட நான் வரவில்லை. பொருள் செலவிட்டவருக்கே அணி உரியது. ஊர் அதற்கு ஓர் அடைமொழி. அத்துடன் இப்போட்டி விளைவித்த நன்மையையும் மறைக்கலாகாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராசன் 2016இல் திண்டுக்கல் அணிக்குப் பந்து வீசினார். அவரும் சுந்தரும் 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரில் ஒரே டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியாவுக்காக அறிமுகமானார்கள். அதே ஆண்டுப் போட்டியில் தூத்துக்குடியின் பெயர் இல்லை.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்குச் சிறு நகரங்கள்தோறும் இளநிலை அணிகள் உண்டு. 2021இல் பெரிய அணிகளோடு இணைப்புப் பெற்ற அத்தகைய அணிகளின் எண்ணிக்கை 120 ஆகக் குறைக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பது அணிகள் இணைப்பை இழந்தன. ஆனால் அப்பலாச்சியன் லீக்கைச் சேர்ந்த ஊர்கள் பல, கல்லூரி மாணவர்களைக் கொண்டு புதிய அணிகள் அமைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தன. அணி போயிற்று, மைதானமும் அதில் வந்து அமரும் மக்களும் போகவில்லை. தூத்துக்குடிக்கோ அணி போனபின் கையில் எஞ்சிய மைதானம் ஏதுமில்லை. மைதானம் ஒன்றே எல்லாம் என்றும் நான் வாதிடவில்லை; அந்த ஆண்டுகளில் சொந்த ஊரில் ஆடாத மதுரையின் பெயர் நிலைத்திருக்கிறதே! ஆயினும் வேர் இல்லாத பெயரைப் பிடுங்கி நடுவது எளிது.

நம் மரபில் ஊர்ப் பெயரைத் தாங்கியவர்கள் புலவர்கள். கணியன் பூங்குன்றனார் என்னும்போது பூங்குன்றமும் உடன் வருகிறது. ஒக்கூர் மாசாத்தியாரை நினைக்கும்போது ஒக்கூர் வாழ்கிறது. அங்கே மனிதர் ஊருக்கு உரியவர். இக்கால அணியிலோ ஊர் அணிக்கு இரவலாகத் தரப்படுகிறது. இரவல் கொண்டது திரும்பிப் போவது இயல்பே.

அன்பர்களே, இதை நம் வட்டத்தின் விழாவில் ஏன் சொல்கிறேன்? ஏறத்தாழ அந்தப் போட்டியின் வயதே நம் வட்டத்துக்கும். நமக்குக் கோப்பை இல்லை, விளக்கில்லை, ஒளிபரப்பில்லை. மூடுபனியில் நனைந்துவந்து இந்த அறையில் அமரும் சிலர் மட்டுமே உண்டு. ஆனால் நாம் கூடுவது இவ்வூரில். பேசுவது இவ்வூரைப் பற்றி. நம் பெயரை எவரும் வேறோர் ஊருக்கு எடுத்துச் செல்ல இயலாது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். சமதளமே அரிதான இம்மலையில், சரிவை வெட்டிக் களம் அமைத்து, கைப்பந்தும் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடிக் கலைந்த அணிகள் எத்தனையோ. அவற்றின் ஆட்டக் கணக்குகள் எந்த ஏட்டிலும் இல்லை. முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அடுத்த பத்தாண்டுக்குள் அவற்றைக் கேட்டு எழுதிவைப்போம். தூத்துக்குடி அணியின் ஓட்டங்களுக்குக் கணக்கு உண்டு, ஊர் இல்லை. நம் அணிகளுக்கு ஊர் உண்டு, கணக்கு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க நம்மால் முடியும்.