மூக்கனேரி படமும் மூன்று மடங்குக் கணக்கும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மூக்கனேரி படத்தைத் திரையில் காட்டினேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "மூணு படத்தைச் சேர்த்து ஒண்ணாக்கினேன்னு சொல்றீங்க. அப்ப சைஸ் மூணு மடங்கு ஆகணும், இல்லைன்னா ஒரு படத்து அளவுதான் இருக்கணும். ரெண்டும் இல்லையே?" அன்று நேரம் இல்லை. இன்று சொல்கிறேன்.

கன்னங்குறிச்சி பக்கம் இருக்கும் அந்த ஏரியை 2010-ல் சேலம் மக்கள் குழு தூர்வாரி, அந்த மண்ணிலேயே திட்டுகள் போட்டு மரம் நட்டது உங்களுக்குத் தெரியும். காலையில் சேர்வராயன் மலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடக்கும், திட்டுகள் கருப்பாக இருக்கும். ஒரே கிளிக்கில் இரண்டும் வராது. அதனால் இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று எடுத்து எச்.டி.ஆர். முறையில் இணைத்தேன். என் கேமராவில் அவை 22, 25, 28 எம்.பி., ஆக 75. இணைத்த ஃபைல் 68 எம்.பி.

முதலில், ரா ஃபைல் என்றால் என்ன? நாமக்கல் முட்டை அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் சென்சாரும் அப்படிக் குழி குழியாகத்தான் இருக்கும். ஒரு குழி ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். பாதிக் குழிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் கொடுத்த யோசனை இது. 2 கோடியே 40 லட்சம் குழிகள், குழிக்கு 14 பிட் என்றால் 42 எம்.பி. வரவேண்டும். ஆனால் கேமரா பக்கத்துக் குழியோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைத்துச் சுருக்குகிறது. இதில் எதுவும் தொலையாது. வெறும் வானம் நன்றாகச் சுருங்கும், இலையும் இருட்டில் வரும் புள்ளியும் சுருங்காது. ஒரே கேமராவில் படத்துக்குப் படம் அளவு மாறுவது இதனால்தான்.

இணைக்கும்போது மென்பொருள் பக்கத்துக் குழிகளைப் பார்த்து, ஒவ்வொரு குழிக்கும் மூன்று நிறத்தையும் கணக்குப் போட்டு நிரப்புகிறது. நிறத்துக்கு 16 பிட். இப்போது 144 எம்.பி. ஆகவேண்டும். மூன்று படத்தையும் கலந்ததில் புள்ளிகள் குறைந்துவிடுவதால் மறுபடி நன்றாகச் சுருங்கி, எனக்கு 68-ல் வந்து நின்றது. ஆக, அந்த ஃபைலுக்குள் மூன்று படங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. மூன்றிலிருந்து சமைத்த புதுப் படம் ஒன்றுதான் இருக்கிறது.

இது புரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். பெரிய ஃபைலில் எல்லாம் இருக்கிறது என்று நினைத்து, லேப்டாப்பில் இடம் இல்லை என்று மூன்று மூலப் படங்களையும் அழித்துவிட்டேன். பிறகு பெரிதாக்கிப் பார்த்தால், திட்டின் ஓரத்தில் நின்ற கொக்கு பாதி உடம்போடு ஆவி மாதிரி தெரிகிறது. மூன்று கிளிக்குக்கு நடுவே அது நகர்ந்திருக்கிறது. மூலம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். அந்தக் காலையும் அந்த நீர்மட்டமும் இனி வராது.

ஜேபெக் இதைவிட மோசம். நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள்தான். 14 பிட்டில் 16,384 படிகள். என் 68 எம்.பி. ஜேபெக்கில் 9 ஆனது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் திட்டின் நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் பட்டை பட்டையாக உடைகிறது. வாட்ஸ்அப்பில் போட்டது சில நூறு கேபிதான். குழுவில் பார்த்து ரசிக்க அது போதும், ஏரி எப்படி இருந்தது என்று பத்து வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கப் போதாது.

அதனால் சங்கத்தின் ஹார்ட் டிஸ்க்குக்கு மூன்று மூலங்களையும் பென் டிரைவில் கொடுங்கள். இணைத்ததைக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் இருப்பேன். என்னிடம் ட்ரைபாட் ஒன்றுதான் இருக்கிறது, வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.