ஜாஸும் இயந்திர முழவும்



ஜாஸ் என்னும் இசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே உருப்பெற்றது. அதன் உயிர்நிலை மனோதர்மம். பாட்டின் வடிவம் ஒன்றாயிருக்க, வாசிப்பவர் அந்தக் கணத்தில் தமக்குத் தோன்றுவதை வாசிப்பார். உடனிருப்போர் அதைச் செவிமடுத்து விடை தருவர். இரவு நடன அரங்குகளில் முழங்கும் மின்னணு இசையோ இதற்கு நேர்மாறானது. இயந்திரம் ஒரு தாளத்தைப் பற்றிக்கொண்டால் இம்மியும் பிசகாது அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கும். பிறர் வாசிப்பதைக் கேட்க அதற்குச் செவியில்லை. இவ்விரண்டும் ஒன்றுகூடி நல்ல இசையாக முடியுமா? முடியும் என்று இங்கிலாந்தில் முப்பது ஆண்டுகளாகக் காட்டி வருகின்றனர். அது எங்ஙனம் கைகூடியது என்பதே இன்றைய பேச்சு.

அந்த நடன இசையில் முதலிடம் பெறுவது மந்தர ஒலி. டபிள் பேஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அவ்வொலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். ஒரு வகுப்பறையின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய ஒலி வலுவாக எழும்போது காது மட்டுமன்று, மார்புக்கூடும் அதை உணர்கிறது. ஜமைக்காத் தீவில் ஆளுயர ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி நடனமாடும் வழக்கம் இருந்தது. 1948-இல் விண்ட்ரஷ் கப்பல் டில்பரித் துறையை அடைந்தது முதலாகப் பெருந்தொகையாகக் குடியேறிய கரிபியன் மக்கள் அவ்வழக்கத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தனர். அவர்தம் பிள்ளைகளும் அவர்களோடு வளர்ந்த பிற இளைஞரும் 1990-ஐ ஒட்டி உருவாக்கியதே ஜங்கிள் என்றும், பின்னர் டிரம் அண்ட் பேஸ் என்றும் பெயர் பெற்ற இசை.

இதன் தாளம் பிறந்த கதை வியப்புக்குரியது. 1969-இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் என்ற குழு ‘ஆமென், பிரதர்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் நடுவே மற்றக் கருவிகள் ஓய, கிரெகரி கோல்மன் என்பவர் நான்கு தாளவட்டம் தனியாக டிரம்ஸ் வாசித்தார். அது ஏழு நொடிக்கு மேற்படாது. இருபது ஆண்டுகள் கழித்து, சாம்ப்ளர் என்னும் கருவியைக் கையாண்டோர் அந்த ஏழு நொடியைப் பதிவு செய்தனர். துண்டு துண்டாக நறுக்கினர். வரிசை மாற்றி அடுக்கினர். நிமிடத்திற்கு 130-க்குச் சற்று மேற்பட்டிருந்த தட்டுகளை 160, 170 என விரைவுபடுத்தினர். எந்த மனிதக் கையும் அதுவரை வாசித்திராத ஒரு தாளம் தோன்றியது. ஆயினும் அதன் ஒவ்வொரு துணுக்கும் மனிதக் கை வாசித்ததே அன்றோ!

கோல்மனுக்கு இதனால் ஒரு காசும் வரவில்லை. அவர் 2006-இல், வறுமையில், வீடின்றி இறந்தார் என்று குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்ஸர் கூறியிருக்கிறார். 2015-இல் இங்கிலாந்து இசையன்பர்கள் 24,000 பவுன் திரட்டி ஸ்பென்ஸருக்கு அளித்தனர். கோல்மன் அப்போது உயிரோடு இல்லை. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒருவருடைய கை ஒலித்துக்கொண்டிருக்க, அந்தக் கைக்கு உரியவர் தெருவில் கிடந்தார். இயந்திரத்தை நான் குறை கூறேன்; அது யாரிடமிருந்து எடுத்தோம் என்று அறியாது. எடுத்தவர்கள் அறிவார்கள்.

இனி ஜாஸுக்கு வருவோம். இத்தாளம் மேலே விரைந்தோட, கீழே மந்தர ஒலி பாதி வேகத்தில் நடக்கிறது. ஆகவே ஊதுகருவியாளர் விரும்பினால் விரைவு நடையில் செல்லலாம், விரும்பினால் மெல்ல நடக்கலாம். மனோதர்மத்திற்கு இதைவிட விசாலமான இடம் வேண்டுமா? பிரிஸ்டல் நகரத்து ரோனி சைஸ் இதனை உணர்ந்தார். அவருடைய ரெப்ரசென்ட் குழு 1997-இல் வெளியிட்ட ‘நியூ ஃபார்ம்ஸ்’ தொகுப்பு மெர்க்குரிப் பரிசு பெற்றது. அதில் டபிள் பேஸின் நாதம் இயந்திர முழவோடு கைகோத்து நடக்கிறது. மேடையிலோ கிளைவ் டீமர் என்ற டிரம்ஸ் கலைஞர் இயந்திரம் நறுக்கி அடுக்கிய அந்தத் தாளங்களைக் கையாலேயே வாசித்தார். மனிதன் வாசித்ததை இயந்திரம் சிதைத்தது. சிதைந்ததை மனிதன் பாடமாகக் கொண்டு பயின்றான். இயந்திரம் கலைஞனைச் சோம்பேறியாக்கும் என்பது என் வயதினர் பலரின் கருத்து. இந்த ஒன்றை அவர்கள் கேட்கவேண்டும்.

லண்டனில் கேரி கிராஸ்பி என்னும் டபிள் பேஸ் கலைஞர் ஜனீன் ஐரன்ஸ் அம்மையாருடன் 1991-இல் தொடங்கிய டுமாரோஸ் வாரியர்ஸ் என்னும் பயிற்சி அமைப்பைப் பற்றி ஓர் ஆசிரியனாகிய நான் சொல்லாமல் விடுவது தகாது. அங்கே இளைஞர்கள் ஜாஸின் இலக்கணத்தை முறையாகக் கற்றனர். இரவில் நடன அரங்கின் இசையையும் கேட்டனர். அவர்களில் தியோன் கிராஸ் என்பவர் ட்யூபா என்னும் பித்தளைக் கருவியை எடுத்துக்கொண்டு, மின்சாரம் எழுப்பும் மந்தர ஒலியின் நடையை மூச்சினால் வாசித்தார். நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலங்களில் மந்தர சுரம் காத்ததும் அதே ட்யூபாதான். அங்கு பயின்ற மற்றொரு கூட்டமாகிய எஸ்ரா கலெக்டிவ் 2023-இல் மெர்க்குரிப் பரிசைப் பெற்றது. அப்பரிசை வென்ற முதல் ஜாஸ் குழு அதுவே.

கேட்க விரும்புவோர் ரெப்ரசென்டின் ‘பிரவுன் பேப்பர் பேக்’கிலிருந்து தொடங்கலாம். அடுத்து, மோசஸ் பாய்ட் தம் டிரம்ஸோடு மின்னணு ஒலிகளை இணைத்து 2020-இல் வெளியிட்ட ‘டார்க் மேட்டர்’. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி 41 அதிர்வுள்ள சுரத்தை எழுப்ப வல்லதன்று. நல்ல ஒலிபெருக்கி உள்ள நண்பர் வீட்டிற்குச் செல்லுங்கள். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.