23 நிமிட இரவு

தமிழ் அறக்கட்டளை மேடையில், அதுவும் மலேசியாவின் ஈப்போவில், சான் ஃபிரான்சிஸ்கோவின் ராக் குழு ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். கிரேட்ஃபுல் டெட் குழுவின் மேடைப் பதிவுகள், ரப்பர்த் தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடிய உறுமி மேளம் கேட்ட காதுக்கு அந்நியமாக இருக்காது என்று நம்பித்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

1968இல் அவர்கள் 'டார்க் ஸ்டார்' பாட்டைச் சிறிய இசைத்தட்டாக வெளியிட்டார்கள். மூன்று நிமிடம்கூட இல்லை, அதிகம் விற்கவுமில்லை. மறு ஆண்டு பிப்ரவரி 27 அன்று ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அதே பாட்டு 23 நிமிடம் ஓடியது. 'லைவ் டெட்' தொகுப்பின் முதல் பாட்டு அதுதான். பாடல் வரிகள் கூடவில்லை. வரிகளுக்கு நடுவிலுள்ள வெளிதான் விரிந்தது. ஜெர்ரி கார்சியாவின் கிதார் ஒரு சிறு பிடியைத் தொட்டு விலகுகிறது. ஃபில் லெஷின் பேஸ் கிதார் அடித்தளம் போடும் வேலையை விட்டுவிட்டு அதனோடு உரையாடப் போய்விடுகிறது. சில நிமிடங்கள் யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாது. பிறகு எங்கிருந்தோ அந்தப் பழைய பிடி திரும்பி வரும்போது உடம்பு சிலிர்க்கும். ஆலாபனையில் நாகஸ்வரக்காரர் எங்கெங்கோ சஞ்சரித்துவிட்டு ஷட்ஜத்தில் வந்து நிற்கும் கணத்தை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே தொகுப்பில் 'தி லெவன்' பாட்டையும் கேளுங்கள். மூன்று, மூன்று, மூன்று, இரண்டு எனப் பதினொன்றாக எண்ணி இரண்டு டிரம்காரர்கள் வாசிக்கிறார்கள். அவர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றவர். பின்னாளில் நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் சேர்ந்து வாசித்த ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' தொகுப்பு 1991இல் வெளிவந்து கிராமி விருது பெற்றது.

இப்படிப்பட்ட இசைக்கு ஸ்டூடியோ தட்டு வெறும் குறிப்புதான். மூலம் மேடையில் நடந்தது. இதை முதலில் உணர்ந்தவர்கள் ரசிகர்கள். அவர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்தார்கள். 1984இல் குழுவே அவர்களுக்கு அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. நாடாவை விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்களிடையே எழுதாத சட்டம். குழுவினர் தரப்பிலும் பதிவு நடந்தது. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேண்டர் பிடித்த பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரே எடுத்த பதிவில் ஒவ்வொரு கருவியும் துலக்கமாகக் கேட்கும். கூட்டத்தின் நடுவே மைக் பிடித்த பதிவில் இரைச்சல் உண்டு. கூடவே அரங்கமும் இருக்கும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பது அதில்தான் பதிவாகிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நம் தோட்டங்களிலும் இந்த இரண்டாம் வகைப் பதிவுகள் உண்டு. ரேடியோ கேசட் பெட்டியைக் கோயில் திண்ணையில் வைத்து எடுத்தவை: உறுமி முழங்க, நடுவே சாமி வந்து ஆடுகிறவரின் குரல், பிள்ளை அழுகை, ஒலிபெருக்கியில் யாரையோ தேடும் அறிவிப்பு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஜனங்கள் புந்தோங், சுங்கை சிப்புட் என்று பெயர்ந்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களே இல்லாமல் போன தோட்டங்களின் ஒலி அந்த நாடாக்களில் இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் நாடா பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். ஆகவே காத்திருக்க நேரமில்லை.

கணினிக்கு மாற்றும்போது அழுகையையும் அறிவிப்பையும் வெட்டிவிடாதீர்கள். கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் ஒவ்வொரு நாடாவின் மேலும் தேதியையும் ஊரையும் எழுதி வைத்தார்கள். இன்று அந்தக் குழுவின் இரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்க முடிவது அதனால்தான். நீங்களும் எழுதுங்கள்: எந்தத் தோட்டம், எந்தக் கோயில், எந்த ஆண்டுத் திருவிழா, உறுமி வாசித்தவர் யார். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.