விமானத்தை நகர்த்தும் வண்டி

நிலக்கோட்டையில் முப்பது ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான். விமானம் தரையில் ஓடுகையில் எந்திரமே அதன் சக்கரங்களைச் சுழற்றுகிறதென்று மாணாக்கருக்குக் கற்பித்தேன். அது பிழை.

பணி ஓய்வுக்குப் பின், மீனம்பாக்கத்தில் நான் ஏறிய விமானம் எந்திரம் முழங்குமுன்னரே பின்னோக்கி நகர்ந்தது. வியந்து வினவினேன். முன்சக்கரத்தில் பூட்டிய வண்டியொன்று தள்ளுகிறது என்றார் பணிப்பெண்.

எந்திரம் காற்றைப் பின்னே தள்ளுவதாலேயே விமானம் முன்னேறுகிறது. சக்கரங்கள் நம் மாட்டுவண்டிச் சக்கரங்களைப்போல் வெறுமனே உருள்பவை. ஆகவே கட்டடத்தை நோக்கி நிற்கும் விமானம் பின்வாங்க வண்டி வேண்டும். அவ்வண்டி குட்டையானது, ஆயினும் மிகக் கனமானது. கனமிருந்தாலன்றோ தரையைப் பற்றும்! இரண்டையும் இணைக்கும் தண்டில் வேண்டுமென்றே நலிவான ஆணியொன்றை வைத்திருக்கின்றனர். அளவுமீறித் திருப்பினால் ஆணி முறியும். விமானத்தின் முன்கால் பிழைக்கும். அச்சாணி முறிந்தால் நமக்குக் கேடு. இவ்வாணிக்கோ முறிவதே கடமை.

2019 அக்டோபர் 15 அன்று தில்லியில், பயணிகள் அமர்ந்திருந்த ஏர் இந்தியா ஏ320 விமானத்தை ‘டாக்ஸிபாட்’ என்னும் வண்டி ஓடுபாதை நோக்கி இழுத்துச் சென்றது. விமானியே தம் இருக்கையிலிருந்து அதைச் செலுத்தினார். விமானத்தின் பெரிய எந்திரங்கள் அதுவரை ஓய்ந்திருந்தமையால் எரிபொருள் மிச்சமாயிற்று.

என்னிடம் பயின்றோர் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பின், பழைய குறிப்பேட்டைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.