பாரும் அருவியும்

தூத்துக்குடி மாவட்டத்தில் அருவி கிடையாது. உப்பளம் உண்டு, துறைமுகம் உண்டு, தேரிக்காடு உண்டு. ஆனால் புன்னக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, பொதிகையில் பிறந்து, காரையாறு அணைக்கு மேலே பாணதீர்த்தமாக விழுந்து, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி வந்த தண்ணீர். வல்லநாட்டுப் பக்கம் எடுத்து நம் வீட்டுக் குழாயில் விடுவதும் அதைத்தான்.

முன்பெல்லாம் காரையாறு அணையிலிருந்து படகிலேயே பாணதீர்த்தத்துக்குப் போய் வருவோம். அந்தப் படகு நின்று வருஷங்கள் ஆகின்றன. அது ஊரறிந்த அருவி. பெயர்ப்பலகை இல்லாத சின்ன அருவிகள் அந்தக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் எத்தனையோ. அப்படி ஒன்றைப் பார்க்க, வனத்துறை அனுமதியோடு, காணிக்காரப் பெரியவர் ஒருவர் பின்னால் ஒருமுறை நடந்தேன்.

பாதை என்று எதுவும் என் கண்ணில் படவில்லை. அவர் ஒரு மரத்தடியில் நின்றார். ஆள் உயரத்துக்கு மேலே பட்டையில் சேறு அப்பியிருந்தது. விரலால் சுரண்டினார், பொடியாக உதிர்ந்தது. "ஆனை உரசிட்டுப் போயிருக்கு. ஈரமா இருந்தா இப்படியே திரும்பியிருப்போம்" என்றார். பிறகு, "அருவிச் சத்தம் கேக்குதா?" என்று கேட்டார். எனக்குச் சில்வண்டுதான் கேட்டது. அரை மணி நேரம் கழித்துத்தான் என் காதுக்கு எட்டியது. அருவியைப் பார்த்ததும் நான் தண்ணீரில் இறங்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, ஓடையையே கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீர் கலங்கி, சருகும் மிதந்து வந்தால் மேலே மழை பிடித்துவிட்டது என்று அர்த்தமாம். உடனே கரையேறிவிட வேண்டும்.

எனக்கு நம்ம ஊர் முத்துப் பார்தான் நினைவுக்கு வந்தது. கடலுக்கடியில் முத்துச்சிப்பி கிடக்கும் திட்டான பாருக்கு எவன் பலகை நட்டான்? கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் கண்ணால் கோத்தே தென்கடல் மீனவர்கள் இடம் பிடிப்பார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பார் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இடம் காட்டிய கண்கள்தான் குறைந்துவிட்டன. காட்டிலும் அப்படித்தான். தடம் தரையில் இல்லை, ஆளிடம் இருக்கிறது.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக்காரர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லும் சரிவும் காற்றும் சேர்ந்தால், மேல்நோக்கி ஏறும் தீயை ஓடி ஜெயிக்க முடியாது. இன்றைக்கும் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவதைச் சிலர் வீரம் என்கிறார்கள். எனக்கு அது அசட்டுத்தனமாகத்தான் படுகிறது.

ஆசைப்படுகிறவர்களுக்கு நேர்வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள்; காரையாறு–மூலக்கசம் அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால், அந்தந்தக் காட்டைத் தெரிந்த வழிகாட்டி கூட வருவார். தீப்பிடிக்கும் கோடையில் பாதைகளை மூடிவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மழைக்காலத்தில் போனால் அட்டை கடிக்கும். மறக்காமல் ஒரு பொட்டலம் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்?