தரங்கம்பாடிக் காரை

இன்று தரங்கம்பாடிக்குப் போகிறோம்.

மயிலாடுதுறையிலிருந்து பொறையார் வழியாக வந்து இறங்கிக் கிழக்கே திரும்பினால், 1792இல் கட்டிய நகர வாயில் எதிர்ப்படும். மேலே டென்மார்க் அரசரின் முத்திரை. உள்ளே நுழைந்து ராஜ வீதியில் நடந்தால் சீயோன் ஆலயம், கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்குவின் காலத்தில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், தூண்கள் வைத்த ஆளுநர் மாளிகை. வீதி முடிகிற இடத்தில் கடல். கடலைப் பார்த்தபடி டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில், டேனிஷ் கடற்படைத் தலைவர் ஓவே கியெத்தே தொடங்கிவைத்தது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள்.

வருகிறவர்கள் பீரங்கியைப் பார்க்கிறார்கள், கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்க்கிறார்கள். நான் உங்களை அழைத்துப்போக விரும்புவது செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு விரல் இடத்துக்கு. இத்தகைய ஊர்களில் வீதியோரத்துப் பழைய சுவர் எதிலாவது பூச்சு உதிர்ந்த பகுதி இருக்கும். அதன் முன்னால் நில்லுங்கள். கை வைக்க வேண்டாம், கண்ணே போதும். வெளிறிய காரைக்குள் அரிசி அளவில் வெள்ளைக் கட்டிகள் தெரியலாம். சரியாக நீறாமல் தங்கிவிட்ட சுண்ணாம்பு அது. சிவப்புத் தூள் தெரிந்தால் செங்கல்லை இடித்துச் சேர்த்த சுர்க்கி. கருப்புப் புள்ளி, சுண்ணாம்புக் காளவாயில் எரிந்த விறகின் கரி. கடற்கரை ஊர் என்பதால் மணலோடு வந்த கிளிஞ்சல் துணுக்கும் இருக்கும்.

இனி, பிற்காலத்தில் சிமென்ட் வைத்து இடுக்கு அடைத்த சுவரைப் பாருங்கள். கடலோர ஊர் எதிலும் இந்தக் காட்சி உண்டு. செங்கல் முகம் பொரிந்து குழிந்து போயிருக்கும். சிமென்ட் மட்டும் கட்டம் கட்டமாக வெளியே துருத்தி நிற்கும். தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது, கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்புகிறது. சுண்ணாம்புக் காரை நுண்துளைகள் உள்ளது. ஈரம் அதன் வழியாகவே வெளியேறும். உப்பும் அங்கேயே படிகமாகி, காரையைத்தான் உதிர்க்கும். உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளலாம், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் செங்கல்லுக்குள் திரும்புகிறது, உப்பு செங்கல்லின் முகத்தைப் பிளக்கிறது. வலுவாகச் செய்கிறோம் என்ற நல்லெண்ணத்தில் செய்த வேலைதான் இது. அதனாலேயே பார்க்க மனம் வலிக்கிறது. காரை செங்கல்லைவிட இளக்கமாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் காலத்துக் கொத்தனார்கள் அறிந்திருந்தார்கள்.

சரி, சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புதான் என்று முடிவெடுத்தாயிற்று. எந்தச் சுண்ணாம்பு? எவ்வளவு மணல்? அங்கேதான் ஆய்வு வருகிறது.

முதல் வேலை மாதிரி எடுப்பது. மழையும் உப்பும் தின்ற மேற்பரப்பில் எடுத்தால் பயனில்லை. பின்னால் வந்தவர்கள் வைத்த ஒட்டுக்காரையாகவும் அது இருக்கக்கூடும். உளியால் உள்ளே போய், கட்டைவிரல் அளவு கட்டி எடுக்க வேண்டும். எந்தச் சுவர், எத்தனை அடி உயரம் என்று குறித்துப் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பில் உள்ள கட்டடத்தில் தொல்லியல் துறையின் அனுமதியில்லாமல் உளியைத் தூக்கவே கூடாது.

பிறகு அமிலம். காரையை உலர்த்தி, எடைபோட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால், சோடா புட்டியைத் திறந்ததுபோல நுரை பொங்கும். காளவாயில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியபோது வெளியேறிய அதே வகை வாயுவைத்தான் சுவரில் இருந்தபடி சுண்ணாம்பு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது அமிலம் அதை விடுவிக்கிறது. சுண்ணாம்பு கரைந்துபோக, மணல் அடியில் நிற்கும். வடிகட்டி, காயவைத்து, நிறுத்தால் எவ்வளவு சுண்ணாம்புக்கு எவ்வளவு மணல் என்று கணக்குக் கிடைக்கும். அந்த மணலைச் சல்லடைகளில் சலித்தால் பருமன் தெரியும். நிறத்தைப் பார்த்தால் ஆற்று மணலா, கரை மணலா என்று ஊகிக்கலாம்.

இந்த வழி பழையது. தரங்கம்பாடியில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1756இல், இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டவந்த ஜான் ஸ்மீட்டன் சுண்ணாம்புக் கற்களை அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். தண்ணீரிலும் இறுகும் சுண்ணாம்பைத் தருகிற கல், கரையாத களிமண்ணை அடியில் விட்டது. இன்றும் அந்த அடிவண்டலைப் பார்த்துத்தான் பல விஷயங்கள் சொல்கிறார்கள்.

ஆனால் கடற்கரையில் இந்தச் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். மணலில் கிடந்த கிளிஞ்சலும் அமிலத்தில் கரையுமே! அதையும் சுண்ணாம்புக் கணக்கில் சேர்த்துவிடும் தராசு. அதன்படி புதுக்காரை கலந்தால் சுண்ணாம்பு கூடிப்போய், காய்கையில் வெடிப்பு விடும். எனவே காரைக்கட்டியைப் பிசினில் உறையவைத்து, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நுண்ணோக்கியின் அடியில் வைக்கிறார்கள். சுட்ட சுண்ணாம்பு எது, சுடாத கிளிஞ்சல் எது என்று அங்கே கண்ணால் பிரித்துவிடலாம். எக்ஸ் கதிர்ச் சோதனை உள்ளிருக்கும் தாதுக்களைச் சொல்லும். படிப்படியாகச் சூடேற்றி எடை குறைவதைக் கவனிப்பது இன்னொரு முறை. இதற்கெல்லாம் அயல்நாடு போக வேண்டியதில்லை. பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே சென்னை ஐ.ஐ.டி.யில் தேசிய மையம் இருக்கிறது. வேலூர் வி.ஐ.டி.யிலும் பழங்காரை ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு பற்றிக் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் இந்த மூன்றையும் சொல்லாத வழிகாட்டி இல்லை. இவை வெறும் கதை இல்லை; கொத்தனார்கள் கைவழியாக வந்த அறிவு. வெல்லத்திலுள்ள சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரையவைக்கும் என்பது வேதியியலும் ஒப்புக்கொள்வது. ஆனால் எல்லாச் சுவரிலும் எல்லாம் இருந்தது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சீனாவில் பழைய காரையில் அரிசிக் கஞ்சி சேர்த்திருக்கிறார்கள் என்பதை அயோடின் சோதனை வைத்து உறுதிசெய்தார்கள். அதுதான் முறை. சேர்த்த பொருள் பல நூறு ஆண்டில் சிதைந்து தடயமின்றிப் போயிருக்கவும் கூடும். அப்போது தெரியவில்லை என்று எழுதுவதே நேர்மை. நாயக்கர் அரண்மனைக்குச் சொன்ன பக்குவத்தைக் கடலோரக் கிடங்குச் சுவருக்கும் ஓதுவது அந்தச் சுவரைக் கட்டியவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முடிவுகள் வந்ததும் அதே கலவையை அச்சுப்போலத் திரும்பச் செய்வதும் சரியாகாது. கட்டும்போது இருந்த செங்கல் இன்று தளர்ந்திருக்கிறது, உப்பு ஏறியிருக்கிறது. இன்றைய செங்கல்லுக்கு இணக்கமாக, அதே வகை மணலோடு, கொஞ்சம் இளக்கமாகவே கலக்க வேண்டியிருக்கும். அந்தக் கலவையைக் கோட்டை முழுவதும் ஒரே மூச்சில் வைத்துவிடவும் கூடாது. கண்ணில் அதிகம் படாத மூலையில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு வைத்து, வெயிலில் சட்டென்று காய்ந்துவிடாமல் ஈரச்சாக்குப் போட்டுக் காக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை அதன்மேல் ஒரு முறை அடித்து ஓயட்டும். வெடிப்பு இருக்கிறதா, பக்கத்துச் செங்கல்லில் உப்புப் பூத்திருக்கிறதா என்று தை மாதத்தில் வந்து பார்த்துவிட்டு, அடுத்த சுவருக்குச் சாரம் கட்டலாம்.